செவ்வாய் விரதமும் டிராம்பே பஸ்ஸும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அடுத்த கோலியில், அதாவது அடுத்த ஒற்றை அறை வீட்டில், குடியிருக்கும் பெண் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் நன்றாக இருக்காதாம், புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதுவாளாம். எழுதிக்கொள்ளட்டும். ஆனால் வாய்விட்டுப் பேசிய பேச்சை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேச்சை மாற்றினால் யார் பேசினார்கள் என்றே தெரியாமல் போய்விடும்.

தாராவியில் எங்கள் கோலி பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் அடுப்பு, டிவி, தண்ணீர் டிரம், நானும் என் வீட்டுக்காரரும். தலைக்கு மேலே பலகை அடித்து ஒரு தட்டு. அதை இங்கே மாளா என்போம். ஏணி வைத்து ஏறினால் அங்கே மகனும் மருமகளும். மேலே ஒருவர் புரண்டு படுத்தால் கீழே எங்கள் முகத்தில் தூசி விழும். மகன் இரண்டு கலி தள்ளி, சந்தை இங்கே கலி என்போம், ஒரு பட்டறையில் பைகளுக்குத் தோல் வெட்டுகிறான். மருமகள் மான்குர்த்தில் பிறந்து வளர்ந்தவள். இந்தி தண்ணீர் மாதிரி பேசுவாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதே பட்டறைப் பைகளுக்கு வீட்டிலிருந்தபடியே ஜிப் கோத்துக் கொடுப்பாள். கல்யாணமான முதல் ஒரு வருடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கலிதான் கேட்டது. குழாயடியில் கேட்டது, ரேஷன் கடையில் கேட்டது. “என்னக்கா, மருமகளுக்கு ஏதும் விசேசம் உண்டா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். “உண்டு, இன்னைக்கு நெத்திலிக் கொழம்பு” என்று நான் சொல்வேன்.

இரண்டாவது வருடம் என் கால் ஓரிடத்தில் நிற்க மறுத்துவிட்டது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மாதுளை வாங்கினேன், செவ்வாழை வாங்கினேன், ஊரிலிருந்து மலைவேம்பு இலை வரவழைத்து அரைத்துக் கொடுத்தேன். அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு அந்தப் பிள்ளை வாந்தி எடுத்த அழகைப் பார்த்து, மசக்கைதான் என்று கலி முழுக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் ஒதுங்கி உட்கார்ந்தாள். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை.

அப்புறம்தான் வேண்டுதல். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வேண்டினால் முருகனுக்கு ஒரு மண்டலம் விரதம் இருப்பார்கள். நாற்பத்தெட்டு நாள் பெண்பிள்ளை எப்படித் தொடர்ந்து இருப்பாள், இடையில் தீட்டு வருமே? நான் யோசித்து அதைத் துண்டு போட்டேன். ஒவ்வொரு மாதமும் அவள் தலைக்கு ஊற்றிய பிறகு வருகிற முதல் செவ்வாயிலிருந்து பதினோரு நாள். ஒரு வேளைச் சோறு, வெங்காயம் பூண்டு கிடையாது, வீட்டில் மீன் கிடையாது. புருசன் பெண்டாட்டி தள்ளிப் படுக்க வேண்டும். தள்ளிப் படுக்க எங்கள் கோலியில் இடம் ஏது? மகன் பட்டறையில் போய்த் தோல் வெட்டுகிற மேசையில் படுப்பான். மருமகள் கீழே என் பக்கத்தில். பன்னிரண்டாம் நாள் மீன் குழம்பு வைத்து, இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பரிமாறி, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டுக்கொள்வேன். இனிமேல் உன் பாடு என்று.

இப்படி ஒரு மாதம் இரண்டு மாதமில்லை. இரண்டு வருடம்.

சாமி கண்ணைத் திறக்கவில்லை. என்ன குறை வைத்தேன் என்று எனக்குத் தூக்கமில்லை. பகலில் ஏணிக்கும் அடுப்புக்கும் நடையாய் நடப்பேன். இவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஏட்டி, மறைக்காத. ஒண்ணு உக்காரு, இல்ல படு” என்பார்.

ஒருநாள் மருமகள் மெல்லச் சொன்னாள்: “அத்த, மாட்டுங்காவுல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. நான் போன மாசம் போய்ட்டு வந்தேன். அடுத்த தடவ ஒங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“என்னையவா? நாம் பெத்து முடிச்சு எத்தன வருசம் ஆச்சு, என்னைய எதுக்கு?”

“தெரியாது அத்த. வாங்களேன்.”

அவள் கண்ணைப் பார்த்து அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்தான் நல்ல சேலை எது என்று பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தேனே.

டாக்டரம்மா நம் தமிழ்தான், மாட்டுங்காத் தமிழ். வெள்ளை முடி, சின்னப் பொட்டு. “உக்காருங்கோ” என்றார். மருமகளின் சீட்டுகளைப் புரட்டினார். இவளுக்குச் சோதனையெல்லாம் சரியாக இருக்கிறது, மாதம் தவறாமல் வருகிறது, நல்லது என்றார். நான் விடுவேனா? என் பெருமையையும் சொன்னேன். இரண்டு வருடமாக ஒரு மாதம் தவறாமல் விரதம் என்று.

“அந்தப் பதினோரு நாள் உங்க பிள்ளை எங்க படுத்துப்பார்?”

“பட்டறையிலதாம்மா. தோலு வெட்டுத மேச இருக்குல்லா, அதுல.”

“உங்க மாட்டுப்பொண்ணு?”

“எம் பக்கத்துல. எங் கையி அவ மேலதாங் கெடக்கும். அம்புட்டுப் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கிற்று. பிறகு ஒரு தாளை எடுத்து, “உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு இவ சொன்னா. வட்டம் எண்ணத் தெரியுமோல்லியோ?” என்றார்.

“பூ விக்கும்போது மொழம் எண்ணுனவம்மா நான்.”

அவர் வரிசையாக இருபத்தெட்டு வட்டம் போட்டார். முதல் வட்டம், தீட்டு வந்த முதல் நாள். நடுவில் பத்தாவதிலிருந்து பதினாறாவது வரை ஏழு வட்டத்தைக் கறுப்பாக அடைத்தார்.

“இவளுக்கு முட்டை வெளில வர்ற நாள் இந்தக் கறுப்புக்குள்ள எங்கயோதான் இருக்கும். வந்தா ஒரே ஒரு நாள்தான் உசிரோட இருக்கும். ஆண் வித்து உள்ள போனா மூணு நாலு நாள் காத்துண்டிருக்கும். அதனால இந்த ஏழு நாள்ல ஒண்ணு விட்டு ஒரு நாளாவது சேர்ந்திருக்கணும். மத்த நாள்ல எவ்வளவு மீன் குழம்பு வெச்சாலும் பிரயோஜனம் இல்லே.”

மீன் குழம்பு விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் மருமகளைப் பார்த்தேன். அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

“அப்ப எங்க வெரதம் இதுல எங்க வருதும்மா?”

“நீங்களே வெச்சுப் பாருங்கோ.”

விரலை வைத்தேன். ஐந்தாம் வட்டத்தில் தலைக்கு ஊற்றுவாள். இரண்டு மூன்று நாளில் செவ்வாய் வரும், எட்டு என்று வைப்போம். அங்கேயிருந்து பதினோரு நாள். என் விரல் ஒவ்வொரு கறுப்பு வட்டமாக மிதித்துக்கொண்டு போயிற்று. பதினெட்டில் போய் நின்றது. ஒரு கறுப்புகூட மிஞ்சவில்லை. செவ்வாயை முன்னே தள்ளிப் பார்த்தேன், பின்னே தள்ளிப் பார்த்தேன். முன்னே தள்ளினால் கடைசியில் ஒரு கறுப்பு மிஞ்சியது, பின்னே தள்ளினால் முதலில் ஒன்று மிஞ்சியது.

“ஆடிப் பட்டம் தேடி விதைன்னு உங்க ஊர்ல சொல்லுவாளே” என்றார் டாக்டரம்மா. “நீங்க ஆடி பூரா வயலைப் பூட்டி வெச்சுட்டு, தை மாசம் சாவியைக் கையில குடுத்திருக்கேள்.”

அப்புறம் நிறையச் சொன்னார். இவள் தினமும் ஃபோலிக் மாத்திரை ஒன்று போட வேண்டும். பட்டினி கிடக்கக் கூடாது. மலைவேம்பு சாற்றை நிறுத்த வேண்டும். “கால செவுத்துல தூக்கி வச்சிக்கிடணும்னு சொல்லுதாவளே?” என்று கேட்டேன். “ஒண்ணும் வேண்டாம்” என்றார். கடைசியில், “உங்க பிள்ளையும் ஒரு சோதனை பண்ணிக்கணும். குழந்தை ரெண்டு பேர் வேலை. ஒருத்தரை மட்டும் பார்த்துண்டிருந்தா எப்படி?” என்றார்.

திரும்பும்போது இரண்டு பேரும் நடந்தே வந்தோம். ரயில் பாலத்துப் படியில் பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு இறங்கிற்று.

“எளா, ஒனக்கு இது முன்னமே தெரியுமா?”

அவள் முந்தானையைத் திருகினாள். “ஒரு வருசமாத் தெரியும் அத்த. போன்ல இந்தியில போட்டிருந்துச்சு.”

“ஒரு வருசமாவா! எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா, பாவி?”

“என்னன்னு சொல்ல? இந்த நாளைக்கு எனக்கு அவர் வேணும், அவரப் பட்டறையில இருந்து கூப்பிடுங்கன்னா? ஒங்க கையி எம்மேல கெடக்கு. நான் எப்படி அத்த சொல்லுவேன்?”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு ஆள் இரண்டு மூட்டையோடு வந்து, “அம்மா, சைட்” என்று கத்தினான். எழுந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் மகனோடு சண்டை. சோதனைக்கு வர மாட்டானாம். “எனக்கு என்னம்மா கொற?” என்று வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டான்.

“கொறன்னு யாருல சொன்னா? பையி தச்சு முடிச்சா ரெண்டு பக்கமும் இழுத்துப் பாப்பியா, ஒரு பக்கம் மட்டும் பாப்பியா?”

“ரெண்டு பக்கமும்.”

“அதத்தாம்ல டாக்டரம்மாவும் சொல்லுதாவ. போ.”

போனான். வித்து எண்ணிக்கை கொஞ்சம் குறைச்சல் என்று வந்தது. பெரிய குறை இல்லை, புகையிலையை விட்டால் ஏறும், ஆனால் ஏற மூன்று மாதமாவது பிடிக்கும் என்றார்கள். அன்றிலிருந்து வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தான். பூனை மேலே கூட எரிந்து விழுந்தான்.

எனக்கு மிஞ்சிய பயம் முருகன்தான். பாதியில் விட்ட வேண்டுதல் சும்மா விடுமா? செம்பூர் கோயிலுக்குப் போய் நேராக நின்று பேசினேன். “கோவப்படாத எய்யா. அந்தப் பிள்ளைய விட்டுரு. மிச்ச வெரதத்த நான் இருக்கேன். தள்ளிப் படுக்கணும்னா அதுவும் சரிதான், இவிய பதினஞ்சு வருசமா அந்தப் பக்கந் திரும்பிக் கொறட்டதான.” பின்னால் நின்ற ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது நாள் கணக்கு. தாள் கிழிந்துவிடும், எனக்குப் புளியங்கொட்டைதான் சரி. இருபத்தெட்டு எடுத்தேன். அதில் ஏழு கொட்டையை மட்டும், தாயம் ஆடத் தேய்க்கிற மாதிரி, தரையில் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினேன். அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கி, அவள் தீட்டு வந்த நாளிலிருந்து காலையில் ஒன்று எடுத்துப் பவுடர் டப்பாவில் போடுவேன். வெள்ளை வந்தால் அந்த நாள்.

வெள்ளை வந்தது. மகன் வீட்டுக்கு வந்தான். மாளாவில் ஏறினான். கீழே நானும் இவரும். மேலே ஒரு பலகை முனகியது, உடனே நின்றது. அவ்வளவுதான். மறுநாள் மருமகளின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அந்தப் பிள்ளைக்குக் கூச்சத்தில் மூச்சுகூட விட முடியவில்லை என்று. நாள் தெரிந்து என்ன செய்ய? இடம் வேண்டுமே! நாங்கள் இரண்டு பேரும் கல்லுப் பிள்ளையார் மாதிரி கீழே உட்கார்ந்திருந்தால்?

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு இவரை எழுப்பினேன். “எந்திரிங்க. வெளிய போவோம்.”

“மேட்ச் ஓடுதுட்டி.”

“மேட்ச் நாளைக்கும் ஓடும்.”

“முட்டு வலிக்கி.”

“பஸ்ல உக்காந்துதான போறோம். முட்டு என்ன பஸ்ஸத் தள்ளவா போவுது?”

எங்கே போவது என்று நான் யோசிக்கவில்லை. சயானில் வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். பலகை படிக்கத் தெரியாது. “கடைசி வரைக்கும் ரெண்டு” என்றேன். அது டிராம்பே பஸ். செம்பூர் நாக்கா தாண்டி, மான்குர்த் தாண்டி, எண்ணெய்க் கம்பெனி வாடை மூக்கில் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கினால் கழிமுகமும் சேறும். ஒரு டீ குடித்தோம். அதே பஸ்ஸில் திரும்பினோம். எட்டு மணி. ஒன்று விட்டு ஒரு நாள் அதே பஸ், அதே டீ. பஸ்ஸில் நான் ஆணிமேல் உட்கார்ந்த மாதிரி நெளிவேன். மகன் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்தானோ, ஓவர்டைம் என்று உட்கார்ந்துவிட்டானோ, அந்த நேரம் பார்த்து யாராவது கடன் சர்க்கரைக்குக் கதவைத் தட்டினார்களோ! ஜன்னல் வழியாக ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை. கண்டக்டருக்கு நாங்கள் பழகிவிட்டோம். “ஆஜி, ஆஜ் பீ?” என்று சிரிப்பான், பாட்டி, இன்றைக்குமா என்று.

கலியில் வேறு மாதிரி ஓடியது பேச்சு. நான் கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டு கிளம்புவேன், இவர் இஸ்திரிச் சட்டையில் பின்னாலே. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் பாத்திரம் தேய்த்தபடி, “யக்கா, ஜோடியா எங்க கெளம்பிட்டீய? சின்னஞ்சிறுசுக வீட்டுல கெடக்கு, பெருசுக சுத்தப் போறீய! கலி கெட்டுப் போச்சு!” என்பாள்.

“பொறாமப்படாத. ஒம் புருசனையும் எழுப்பிக் கூட்டிட்டு வா.”

உள்ளுக்குள் எனக்கு வெட்கம். ஆனால் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று தெரியும். அதுதான் வேண்டியது.

இவரிடம் நான் காரணம் சொல்லவே இல்லை. எப்படிச் சொல்ல? இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம், பஸ் மான்குர்த் சிக்னலில் நின்றபோது இவரே வாயைத் திறந்தார்.

“ஏட்டி, நாம எதுக்குப் பஸ்ல சுத்துதோம்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எங்கப்பா ஞாயித்துக்கெழம தவறாம எங்கம்மையக் கூட்டிக்கிட்டு மாஹிம் கடக்கரைக்குப் போவாருல்லா? ஞாவகம் இருக்கா?”

“இருக்கு. மாமாவுக்கும் அத்தைக்கும் கடக்காத்துன்னா உசுரு.”

“கடக்காத்தா! அம்மைக்கு அந்த நாத்தமே ஆவாது. மூக்கப் பொத்திக்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்துட்டு வருவா. எதுக்குன்னு நெனச்ச? இதே கோலிதான, அப்பயும்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை வருடம் மாமியார் சொகுசுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலையை என் தலையில் கட்டிவிட்டுக் காற்று வாங்கப் போகிறாள் என்று. என் மகன் எந்தக் கடற்காற்றில் வந்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

ஆனால் பஸ்ஸில் சுற்றினால் உடனே பிள்ளை வந்துவிடுமா? முதல் மாதம் இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவதில் கொட்டை இருபத்தேழு போனது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மருமகள் ஏணியிலிருந்து இறங்கி, பவுடர் டப்பாவை எடுத்துக் கொட்டைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். வெள்ளையைச் சரியான இடத்தில் வைக்கிறாளா என்று பார்க்கிற மாதிரி நான் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்ய? டாக்டரம்மா, “எல்லாம் சரியா இருந்தாலும் எல்லா மாசமும் நிக்காது. வருஷம் ஆகறதுக்குள்ள பலருக்கும் நின்னுடும். பயப்படாம இருங்கோ” என்று சொல்லியிருந்தார். பயப்படாமல் இருக்க அவர் மாத்திரை ஏதும் எழுதித் தரவில்லை. நான் கோபர்கைரனேயில் இருக்கும் என் தங்கை வீட்டில் நாலு நாள் இருக்கலாம் என்று போனேன். அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள், “நீ ஒக்காராம நடந்து நடந்து எனக்குத் தல சுத்துது, ஒன் வீட்டுக்கே போயிரு” என்று அவளே பையைக் கையில் கொடுத்தாள்.

ஐந்தாவது மாதம் அலமாரி காலியானது. இருபத்தெட்டும் டப்பாவுக்குள். மறுநாள் காலை எடுத்துப் போட ஒன்றுமில்லை. அடுக்களையிலிருந்து ஒரு புதுக் கொட்டையை எடுத்துப் போட்டேன். அதற்கு மறுநாள் இன்னொன்று. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்று பயம். மருமகள் ஜிப் கோத்துக்கொண்டே இருந்தாள், தலையைத் தூக்கவில்லை. ஒன்பது புதுக் கொட்டை போட்டுவிட்டேன். குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன், இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் இவராகவே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார். பஸ் அவருக்குப் பழக்கமாகிவிட்டது, டிராம்பே டீயும்தான். கொட்டைக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. “என்ன, இன்னைக்கு உண்டுமா?” என்றார்.

மருமகள் ஏணியின் பாதியில் நின்றாள். “மாமா, இன்னைக்கு பஸ்ஸுக்குப் போகாண்டாம்.”

“ஏம்மா, மழையா?”

“இல்ல மாமா.” அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “காலைல டெஸ்ட் பண்ணுனேன். இனிமே கொஞ்ச மாசத்துக்கு நீங்க பஸ்ஸுக்குப் போகாண்டாம்.”

மேலே மாளாவிலிருந்து என் மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது, பின்னாலேயே கிராம்பு புரையேறி இருமுகிற சத்தமும். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவள் இறங்கி வருவதற்குள் அவள் காலைக் கட்டிக்கொண்டேன், கைக்கு எட்டியது அதுதான்.

இவர் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தார். “சட்டைய மாட்டிட்டேன்லா” என்றார். அதனால் போனோம். அதே பஸ்ஸில் ஏறி, செம்பூரில் இறங்கி முருகனிடம் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் கடைசி ஸ்டாப் வரை போய் டீயும் குடித்துவிட்டு வந்தோம். அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கழிமுகம் கண்ணில் பட்டது. அவ்வளவு கொக்கு நிற்கிறது அங்கே.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. ஏணியில் மூன்று படி ஏறி நின்று கத்துவாள். கொட்டையை வாயில் போட்டுவிடுவாள் என்று பவுடர் டப்பாவை உயரத் தட்டில் ஏற்றி வைத்திருந்தேன். முந்தாநாள் காலை வெல்லம் எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன். டப்பா லேசாக இருந்தது. திறந்து பார்த்தேன், மூன்றே மூன்று கொட்டைதான். மற்ற இருபத்தைந்தும் பக்கத்தில் வரிசையாக நின்றன, ஏழு வெள்ளையும் அதனதன் இடத்தில். அடுக்கியது நான் இல்லை.

மருமகள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து இவருடைய சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். பேத்திக்கு ஒரு தொப்பி வாங்க வேண்டும். இந்தத் தடவை டிராம்பேக்கு நாங்கள் மூன்று பேர்.